மெடி-கால் பிளானும் கவுண்டி மருத்துவமனையும்: கலிஃபோர்னியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கான வழிகாட்டி

வேலை போனதும் கம்பெனி இன்சூரன்ஸும் போய்விடும். ஊரிலிருந்து கிரீன் கார்டில் அம்மா அப்பா வந்து சேர்வார்கள். புதிதாகத் தொழில் தொடங்கியவருக்கு வருமானம் நிலைக்காது. கலிஃபோர்னியாவில் தமிழ்க் குடும்பங்கள் மெடி-காலைத் தேடிப் போவது பெரும்பாலும் இந்த மூன்று சூழ்நிலைகளில்தான். மெடி-கால் என்பது, வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு நடத்தும் மருத்துவ இன்சூரன்ஸான மெடிகெய்ட் திட்டத்தின் கலிஃபோர்னியப் பெயர். 1966 முதல் நடக்கிறது. 65 வயதினருக்கான மெடிகேர் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான அலுவலகத்தில் வரிசையில் நிற்பவர்கள் ஏராளம்.

படிவங்கள் உங்களை ஒரு வரிசையில் நடத்திச் செல்லும்: முதலில் உங்கள் சிகிச்சையை நிர்வகிக்கும் இன்சூரன்ஸ் அமைப்பான பிளானைத் தேர்ந்தெடு, பிறகு டாக்டரை, மருத்துவமனை எதுவோ அது தானாக அமையும். நீங்கள் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். எந்த மருத்துவமனையில் சிகிச்சை வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அங்கே நோயாளிகளை அனுப்பும் டாக்டரைப் பிடித்து, கடைசியில் பிளானைக் குறியுங்கள். காரணம் பணம் போகும் வழியில் இருக்கிறது.

மாநில அரசு ஒவ்வோர் உறுப்பினருக்கும் மாதம் இவ்வளவு என்று பிளானுக்குக் கட்டிவிடும். நீங்கள் டாக்டரிடம் போனாலும் போகாவிட்டாலும் அதே தொகை. பெரிய கவுண்டிகளில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்றது) பிளான் அதில் ஒரு பங்கைப் பிரித்து ஒரு டாக்டர் குழுவிடம் கொடுத்து, 'இவர்களை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று ஒப்படைத்துவிடும். அதன்பின் அந்தக் குழு தன் ஸ்பெஷலிஸ்டுகளிடமும், தான் ஒப்பந்தம் வைத்திருக்கும் மருத்துவமனைக்கும்தான் உங்களை அனுப்பும். ஆகவே பிரைமரி டாக்டரின் (எதற்கும் முதலில் பார்க்கும் பொது டாக்டரின்) பெயரைக் குறிக்கும்போதே இதய டாக்டர் யார், அறுவை சிகிச்சை எங்கே என்பதையும் பாதி முடிவு செய்துவிடுகிறீர்கள். இதைப் படிவத்தில் எங்கும் எழுதியிருக்க மாட்டார்கள்.

முதலில் கவுண்டியைப் பாருங்கள்

மெடி-கால் மாநிலத் திட்டம் என்றாலும் பிளான் கவுண்டிக்குக் கவுண்டி மாறும். மில்பிடாஸில் இருப்பவர் சாண்டா கிளாரா கவுண்டி. அடுத்த ஊரான ஃப்ரீமாண்ட் அலமீடா கவுண்டி. டப்ளின் அலமீடா, பக்கத்திலேயே இருக்கும் சான் ரமோன் காண்ட்ரா கோஸ்டா. வாடகை குறைவு என்று சில மைல் தள்ளி வீடு மாறினால் பிளான், டாக்டர், மருத்துவமனை மூன்றும் மாறிவிடலாம்.

சில கவுண்டிகளில் பொதுத்துறைப் பிளான் ஒன்றும் தனியார் பிளான் ஒன்றும் போட்டியாக இருக்கும். சாண்டா கிளாராவில் சாண்டா கிளாரா ஃபேமிலி ஹெல்த் பிளானும் ஆந்தம் புளூ கிராஸும். சான் பிரான்சிஸ்கோவில் சான் பிரான்சிஸ்கோ ஹெல்த் பிளானும் அதே ஆந்தமும். லாஸ் ஏஞ்சலஸில் எல்.ஏ. கேரும் ஹெல்த் நெட்டும். ரிவர்சைடு, சான் பெர்னார்டினோவில் இன்லண்ட் எம்பயர் ஹெல்த் பிளானும் மொலினாவும். எல்.ஏ. கேர் 20 லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்களைக் கொண்டது; அமெரிக்காவில் அரசு நடத்தும் ஹெல்த் பிளான்களில் அதுவே பெரியது.

வேறு கவுண்டிகளில் கவுண்டியின் பொதுப் பிளான் ஒன்றே எல்லாருக்கும்: சான் மட்டேயோவில் ஹெல்த் பிளான் ஆஃப் சான் மட்டேயோ, ஆரஞ்சு கவுண்டியில் கால்ஆப்டிமா. அலமீடாவும் காண்ட்ரா கோஸ்டாவும் 2024 ஜனவரியில் ஒற்றைப் பிளானுக்கு மாறின. முறையே அலமீடா அலையன்ஸ், காண்ட்ரா கோஸ்டா ஹெல்த் பிளான். சாக்ரமெண்டோவிலும் சான் டியேகோவிலும் பல பிளான்கள் உண்டு.

தனக்கென்று டாக்டர்களும் மருத்துவமனைகளும் வைத்திருக்கும் கைசர் பிளான் 2024 முதல் பல கவுண்டிகளில் மாநிலத்துடன் நேரடியாக ஒப்பந்தம் செய்திருக்கிறது. ஆனால் விரும்பியவர் எல்லாம் சேர முடியாது. அண்மையில் கைசரில் இருந்தவர், குடும்பத்தில் ஒருவர் ஏற்கெனவே கைசரில் இருப்பவர் போன்ற சிலருக்குத்தான் இடம். வேலை போவதற்கு முன் உங்கள் கம்பெனி இன்சூரன்ஸ் கைசர் என்றால் இதை மறக்காமல் கேளுங்கள்.

பொதுப் பிளான்கள் பலவும் 1990களில் உருவானவை. மெடி-கால் நோயாளிகளைத் தனியார் பிளான்களிடம் மொத்தமாகக் கொடுத்தால் கவுண்டி மருத்துவமனைகள் வருமானம் இழந்து நொடித்துப்போகும் என்ற கவலையும் அவற்றை உருவாக்கியதற்கு ஒரு காரணம். அதனால் பொதுப் பிளான் எடுத்தால் கவுண்டி மருத்துவமனைக்குப் போகும் வழி பெரும்பாலும் நேராக இருக்கும்.

கவுண்டி மருத்துவமனை பற்றிய தயக்கம்

நம்மவர்களுக்கு 'கவுண்டி ஆஸ்பத்திரி' என்றதுமே ஒரு தயக்கம் வருவதுண்டு. காத்திருப்பு அதிகம் என்பது உண்மை. சிகிச்சைத் தரம் வேறு கதை. சான் ஹோசேயில் உள்ள சாண்டா கிளாரா வேலி மெடிக்கல் சென்டர், சக்கர்பர்க் சான் பிரான்சிஸ்கோ ஜெனரல், ஓக்லண்டின் ஹைலண்ட், 2023இல் பெயர் மாறிய லாஸ் ஏஞ்சலஸ் ஜெனரல், ஹார்பர்-யூசிஎல்ஏ ஆகியவை பயிற்சி மருத்துவமனைகள். விபத்துக் காயங்களுக்கு அந்தந்தப் பகுதியே நம்பியிருக்கும் இடங்கள். சாண்டா கிளாரா கவுண்டி 2019இல் ஓ'கானர், செயின்ட் லூயிஸ் மருத்துவமனைகளையும் 2025இல் ரீஜினல் மெடிக்கல் சென்டரையும் வாங்கியது. எனவே அந்தக் கவுண்டியில் 'கவுண்டி மருத்துவமனை' என்றால் இப்போது நான்கு கட்டடங்கள்.

எல்லாக் கவுண்டியிலும் கவுண்டி மருத்துவமனை இல்லை. ஆரஞ்சு, சான் டியேகோ, சாக்ரமெண்டோ கவுண்டிகளின் பழைய மருத்துவமனைகள் யூசி எனப்படும் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பிடம் போய்விட்டன. அங்கே அந்தப் பல்கலைக்கழக மருத்துவமனைகளும் சமூக கிளினிக்குகளும்தான் அந்த இடத்தை நிரப்புகின்றன. கூட்டாட்சி மானியம் பெறும் சமூக கிளினிக்குகள் இன்சூரன்ஸ் இல்லாதவர்களையும் வருமானத்துக்கேற்ற கட்டணத்தில் பார்க்கும்.

விண்ணப்பம்

பெனிஃபிட்ஸ்கால் இணையதளம், மாநில இன்சூரன்ஸ் சந்தையான கவர்ட் கலிஃபோர்னியா, கவுண்டி சமூகசேவை அலுவலகம் என எந்த வழியில் போட்டாலும் முடிவெடுப்பது கவுண்டிதான். ஆண்டில் எந்த மாதத்திலும் போடலாம். வைத்துக்கொள்ள வேண்டியவை: அடையாள அட்டை, குடியேற்ற ஆவணம், முகவரிக்கு வாடகை ஒப்பந்தம் அல்லது கரண்ட் பில், கடைசி ஒரு மாத வருமானச் சான்று. சாதாரணமாக 45 நாளில் பதில் வரவேண்டும். உடல் குறைபாட்டின் அடிப்படையில் கேட்டால் 90 நாள்.

வருமான வரம்பு 19 முதல் 64 வயது வரை வறுமைக்கோட்டின் 138 சதவீதம். 2025 கணக்கில் தனி ஆளுக்கு ஆண்டுக்கு 21,597 டாலர், நால்வர் குடும்பத்துக்கு 44,367 டாலராக இருந்தது. குழந்தைகளுக்கு வரம்பு 266 சதவீதம், அதே 2025 கணக்கில் நால்வர் குடும்பத்தில் சுமார் 85,500 டாலர். பெற்றோருக்குக் கிடைக்காமல் பிள்ளைகளுக்கு மட்டும் கிடைக்கும் வீடுகள் நிறைய உண்டு. 'நமக்கு வராது' என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடாதீர்கள்.

மெடி-கால் பார்ப்பது இந்த மாத வருமானத்தை. ஜனவரியில் லே-ஆஃப் ஆனவரின் போன ஆண்டு வரிக்கணக்கு இரண்டு லட்சம் டாலர் காட்டினாலும், இப்போது வருவது வேலையின்மைப் படி மட்டும் என்றால் தகுதி இருக்கலாம். இணையப் படிவத்தில் ஆண்டு வருமானத்தைக் கேட்கும் இடத்தில் பழைய சம்பளத்தைப் போட்டுவிட்டு, இந்த மாத வருமானம் கேட்கும் கட்டத்தைக் காலியாக விடுவது வழக்கமான தவறு. கம்ப்யூட்டர் உடனே நிராகரித்துவிடும்.

65 வயதைத் தாண்டிய பெற்றோருக்கு விதி வேறு. மகன் அல்லது மகளின் சம்பளம் அவர்கள் கணக்கில் சேராது. ஆனால் 2026 ஜனவரி 1 முதல் சொத்து வரம்பு திரும்பி வந்திருக்கிறது: ஒருவருக்கு 1,30,000 டாலர், கூடுதலாக ஒவ்வொருவருக்கும் 65,000. தாங்கள் குடியிருக்கும் சொந்த வீடு இதில் சேராது. ஊரில் உள்ள வங்கி இருப்பு, வீடு, நிலம் ஆகியவற்றையும் உள்ளபடி எழுதுங்கள். எதைச் சேர்ப்பது எதை விடுவது என்று கவுண்டி பார்த்துக்கொள்ளும். மறைத்தது பின்னால் தெரிந்தால் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

குடியேற்ற நிலை பற்றி. கிரீன் கார்டுக்காரர்களுக்கு ஐந்து ஆண்டுக் காத்திருப்பு என்பது கூட்டாட்சி விதி. கலிஃபோர்னியா அந்த இடைவெளியை மாநிலப் பணத்தால் நிரப்பி வந்திருக்கிறது. ஆவணமற்ற 19 வயதுக்கு மேற்பட்டவர்கள் 2026 ஜனவரி 1 முதல் முழு மெடி-காலில் புதிதாகச் சேர முடியாது. அவசர சிகிச்சையும் கர்ப்பகால சிகிச்சையும் உண்டு. அகதிகளுக்கும் தஞ்சம் பெற்றவர்களுக்கும் வரும் கூட்டாட்சி மெடிகெய்ட் பணம் 2025 ஜூலையில் வந்த சட்டப்படி 2026 அக்டோபர் 1 அன்று நிற்கிறது. இலங்கையிலிருந்து வந்து தஞ்சம் கிடைத்தவர்கள், ஓராண்டு முடிந்து தகுதி வந்ததும் கிரீன் கார்டு விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது. கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர்கள் மெடி-கால் எடுக்கும் முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்டு முடிவெடுக்கும் விஷயமல்ல இது.

விசிட்டர் விசாவில் ஆறு மாதம் தங்க வந்த பெற்றோருக்கு மெடி-கால் கிடையாது. மாநிலத்தில் குடியிருக்கும் நோக்கம் வேண்டும். அவர்களுக்கு உதவக்கூடிய வேறு வழி ஒன்று பில் பற்றிய பகுதியில் வருகிறது.

சேரும் முன்பே நோய் வந்தால்

விண்ணப்பத்தில் 'கடந்த மூன்று மாதத்தில் மருத்துவச் செலவு உண்டா' என்ற கேள்வி இருக்கும். 'ஆம்' என்று குறித்தால், அந்த மாதங்களில் தகுதி இருந்திருந்தால் பழைய பில்லும் அடங்கும். 2027 ஜனவரி முதல் இது சுருங்குகிறது: வேலை செய்யும் வயதினருக்கு ஒரு மாதம், மற்றவர்களுக்கு இரண்டு. மருத்துவமனையிலேயே படுத்திருந்தால் அங்குள்ள நிதி ஆலோசகரைக் கூப்பிட்டு 'ஹாஸ்பிடல் பிரிசம்ப்டிவ் எலிஜிபிலிட்டி' கேளுங்கள். ஒரு பக்கப் படிவத்தில் தற்காலிக மெடி-கால் அன்றைக்கே கிடைக்கும். அடுத்த மாதக் கடைசி வரை செல்லும். அதற்குள் முழு விண்ணப்பத்தையும் போட்டுவிட வேண்டும். போடாமல் விட்டால் சரியாக அந்தத் தேதியோடு நின்றுவிடும்.

பிளானும் டாக்டரும்

தகுதி உறுதியானதும் மாநிலம் அனுப்பும் மெடி-கால் அட்டை தபாலில் வரும். இரண்டு பிளான் உள்ள கவுண்டியில், ஹெல்த் கேர் ஆப்ஷன்ஸ் என்ற பிரிவிலிருந்து பெரிய உறை ஒன்றும் வரும். தேர்ந்தெடுக்க 30 நாள். விட்டுவிட்டால் அவர்களே ஒன்றில் போட்டுவிடுவார்கள். 1-800-430-4263 என்ற எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு, வாய்மொழியாகவே தேர்வை முடிக்கலாம்.

கூப்பிடும் முன் செய்ய வேண்டியவை:

1. எந்த மருத்துவமனை என்று முடிவு செய்யுங்கள். வீட்டிலிருந்து பஸ் வசதி, ஏற்கெனவே பார்த்துவரும் ஸ்பெஷலிஸ்ட், பிரசவமா முதுமை நோயா என்பதை வைத்து.
2. அந்த மருத்துவமனையின் அல்லது அதன் கிளினிக்கின் அப்பாயின்ட்மென்ட் எண்ணைக் கூப்பிட்டு, 'எந்த மெடி-கால் பிளானை, எந்தக் குழு வழியாக எடுக்கிறீர்கள்? புதிய நோயாளிகளைச் சேர்க்கிறீர்களா?' என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம். பிளானின் டாக்டர் பட்டியலில் பெயர் இருக்கும். கூப்பிட்டால் 'புதியவர்களை எடுப்பதில்லை' என்பார்கள்.
3. தமிழ் பேசும் டாக்டர் வேண்டும் என்று தேடி, தனியாக ஓர் அறையில் கிளினிக் நடத்துபவரைக் குறித்துவிட்டு, பிறகு அவருடைய குழுவில் கவுண்டி மருத்துவமனை இல்லை என்று தெரிந்து திண்டாடுவது நம்மவர்களிடம் அடிக்கடி நடக்கிறது. டாக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் உண்டு. குழு பொருந்தாவிட்டால் மாற்று ஏற்பாடு லேசில் கிடைக்காது.
4. டாக்டரின் பெயருடன் கிளினிக்கின் பெயரையும் குழுவின் பெயரையும் எழுதி வைத்துக்கொண்டு சொல்லுங்கள். ஒரே டாக்டர் இரண்டு குழுவில் இருப்பார்.

தவறாகப் போய்விட்டால் பதற வேண்டாம். டாக்டரை மாதம் ஒருமுறை பிளானைக் கூப்பிட்டு மாற்றலாம். பெரும்பாலும் அடுத்த மாதம் 1ஆம் தேதி அமலாகும். இரண்டு பிளான் உள்ள கவுண்டியில் பிளானையும் மாற்றலாம். 15 முதல் 45 நாள் பிடிக்கும். நடுவில் கீமோ, பிரசவம் போல ஒரு சிகிச்சை ஓடிக்கொண்டிருந்தால் மாற்றும் முன் 'கன்டினியூயிட்டி ஆஃப் கேர்' கேளுங்கள். பழைய டாக்டர் ஒத்துக்கொண்டால் 12 மாதம் வரை அவரிடமே தொடரலாம்.

சேர்ந்த 120 நாளுக்குள் முதல் முழுப் பரிசோதனைக்கு உரிமை உண்டு. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று தள்ளிப்போடாதீர்கள். கவுண்டி கிளினிக்குகளில் ஒருமுறை பார்க்கப்பட்ட நோயாளிக்கும், பட்டியலில் பெயர் மட்டும் உள்ளவருக்கும் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஊர் மாத்திரைகளின் அட்டைகள், பழைய ஈசிஜி, எக்கோ அறிக்கைகளை எடுத்துப்போங்கள். மாத்திரையின் பிராண்ட் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது, அட்டையின் பின்னால் உள்ள மருந்துப் பெயர்தான் பயன்படும்.

எந்த இடத்தில் எந்த அட்டை

இப்போது கையில் இரண்டு அட்டை இருக்கும்: மாநில அட்டை, பிளான் அட்டை. டாக்டர், லேப், மருத்துவமனைக்குப் பிளான் அட்டை. மருந்துக்கடைக்கு மாநில அட்டை. 2022 ஜனவரி 1 முதல் மருந்துகள் பிளானிடமிருந்து பிரிந்து மெடி-கால் ஆர்எக்ஸ் என்ற மாநில ஏற்பாட்டுக்குப் போய்விட்டன. மருந்துக்கடைக்காரர் பிளான் அட்டையை அடித்துப் பார்த்துவிட்டு 'கவரேஜ் இல்லை' என்று சொன்னதும் முழு விலை கொடுத்து வாங்கி வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாநில அட்டை எண்ணைக் கொடுத்து மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். முன் அனுமதி வேண்டிய மருந்து என்றால், காத்திருக்கும் நேரத்துக்கு அவசர அளவு கேளுங்கள். குறைந்தது 72 மணி நேரத்துக்கான மருந்தைக் கொடுக்க வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். மெடி-கால் ஆர்எக்ஸ் எண் 1-800-977-2273.

பல் சிகிச்சையும் பெரும்பாலான கவுண்டிகளில் பிளானுக்கு வெளியே, மெடி-கால் டெண்டல் வழியாக. தீவிர மனநோய்க்குக் கவுண்டி மனநலத் துறை. லேசான மனச்சோர்வு, பதற்றம் என்றால் பிளான். கண் பரிசோதனையும் கண்ணாடியும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. கார் ஓட்டத் தெரியாத அம்மாவை டாக்டரிடம் கொண்டுபோக வண்டியும் பிளான் செலவில் உண்டு, சில நாள் முன்னதாகச் சொல்லி வைக்க வேண்டும். இந்த வசதியை அறியாமல் பிள்ளைகள் லீவு போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

மெடி-கால் கடிதங்கள் தமிழில் வராது. இந்தி, பஞ்சாபி உண்டு, தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் பேச்சு மொழிபெயர்ப்பு எந்த மொழிக்கும் இலவசம். அப்பாயின்ட்மென்ட் போடும்போதே 'தமிழ், இந்தி அல்ல' என்று அழுத்திச் சொல்லி, பதிவில் எழுதச் சொல்லுங்கள். 'இந்தியன்' என்று கேட்டதும் இந்தி மொழிபெயர்ப்பாளரை இணைத்துவிடுவார்கள். பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பாட்டி தன் மார்பில் உள்ள கட்டியைப் பற்றிப் பன்னிரண்டு வயதுப் பையன் முன்னால் சொல்லவே மாட்டார்.

ரெஃபரல்: எங்கே சிக்குகிறது

நேரம் போவதும், நோயாளி பொறுமை இழப்பதும் இங்கேதான். பிரைமரி டாக்டர் 'ரெஃபரல் (ஸ்பெஷலிஸ்டிடம் அனுப்பும் பரிந்துரை) போட்டுவிட்டேன்' என்றதும் வீட்டில் உட்கார்ந்து போனுக்காகக் காத்திருப்பார்கள். ரெஃபரல் நான்கு கைகள் மாறுகிறது: டாக்டர், குழுவின் அனுமதிப் பிரிவு, ஸ்பெஷாலிட்டி கிளினிக், அப்பாயின்ட்மென்ட் மேசை. எந்த இடத்திலும் நிற்கலாம்.

கவுண்டி அமைப்புகள் பலவற்றில் இடையில் இன்னொன்றும் உண்டு: இ-கன்சல்ட். சான் பிரான்சிஸ்கோ ஜெனரல் 2000களின் நடுவிலேயே இந்த முறையைத் தொடங்கியது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி 2012இல். பிரைமரி டாக்டர் கேள்வியையும் பரிசோதனை முடிவுகளையும் கம்ப்யூட்டரில் அனுப்புவார். ஸ்பெஷலிஸ்ட் படித்துப் பார்த்து, நேரில் வரச் சொல்லலாம், அல்லது 'இந்த மாத்திரையைக் கூட்டிப் பாருங்கள், இந்த டெஸ்ட் எடுங்கள்' என்று பதில் எழுதலாம். 'ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கவிடாமல் தடுக்கிறார்கள்' என்று தோன்றும். நல்ல இடங்களில் இது மாதக்கணக்கான காத்திருப்பை நாள்கணக்காக்குகிறது. ஆனால் பிரைமரி டாக்டர் அந்தப் பதிலைப் பார்த்தாரா என்பது உங்கள் கவலை. ஆகவே மூன்று கேள்விகள்: இ-கன்சல்ட் என்றைக்குப் போனது? பதில் வந்ததா? பதிலில் கேட்ட டெஸ்ட் எல்லாம் எழுதப்பட்டாயிற்றா? வளைகுடாப் பகுதிக் கவுண்டி மருத்துவமனைகளில் மைசார்ட் என்ற நோயாளிகளுக்கான இணையக் கணக்கு திறந்து வைத்துக்கொண்டால் இதை எழுதியே கேட்கலாம். தொலைபேசியில் காத்திருக்க வேண்டாம்.

சட்டப்படி பிரைமரி டாக்டர் 10 வேலைநாளுக்குள், ஸ்பெஷலிஸ்ட் 15 வேலைநாளுக்குள், முன் அனுமதி தேவைப்படாத அவசரம் 48 மணிக்குள் பார்க்க வேண்டும். அனுமதி தேவைப்பட்டால் 96 மணி. கிளினிக் 'மூன்று மாதம் கழித்துத்தான்' என்றால் கிளினிக்கோடு வாதாடிப் பயனில்லை, அவர்கள் கையில் ஒன்றும் இல்லை. பிளானின் உறுப்பினர் சேவையைக் கூப்பிட்டு, 'டைம்லி ஆக்ஸஸ் அப்பாயின்ட்மென்ட் வேண்டும், கிடைக்காவிட்டால் நெட்வொர்க்குக்கு வெளியே ஏற்பாடு செய்யுங்கள்' என்று இந்தச் சொற்களிலேயே கேளுங்கள். பேசியவரின் பெயர், தேதி, அழைப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எமர்ஜென்சி

நெஞ்சுவலி, பக்கவாதம், கடும் ரத்தப்போக்கு என்றால் 911, அருகில் உள்ள மருத்துவமனை. பிளானில் உள்ளதா என்று பார்க்க வேண்டாம். முன் அனுமதியும் வேண்டாம். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த எமர்ஜென்சியும் பணம் பற்றிக் கேட்டுத் திருப்பி அனுப்பக்கூடாது. சிக்கல் அதற்குப் பின்தான். நிலை சீரானதும் அந்த மருத்துவமனை உங்கள் பிளானைக் கூப்பிடும். பிளான் 30 நிமிடத்தில் பதில் சொல்ல வேண்டும், பெரும்பாலும் தன் மருத்துவமனைக்கு மாற்றச் சொல்லும். வீட்டுக்கு அனுப்பும்போது 'ஒரு வாரத்தில் இதய டாக்டரைப் பாருங்கள்' என்று கொடுக்கும் சீட்டில் உள்ள டாக்டர் பெரும்பாலும் உங்கள் குழுவில் இருக்க மாட்டார். அந்தச் சீட்டோடு பிரைமரி டாக்டரிடம் போய் அவசர ரெஃபரல் கேட்பதுதான் வழி.

பில் வந்தால்

மெடி-காலில் இருப்பவருக்குத் திட்டத்தில் அடங்கிய சிகிச்சைக்கு டாக்டரோ மருத்துவமனையோ பில் அனுப்பக்கூடாது. ஆனாலும் வரும், ஆம்புலன்ஸ், எமர்ஜென்சி டாக்டர், ரேடியாலஜி தனித்தனியாகப் பில் போடுகிறார்கள், அவர்களிடம் உங்கள் அட்டை எண் போய்ச் சேர்ந்திருக்காது. பயந்து கட்டாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். பில்லில் உள்ள எண்ணுக்குக் கூப்பிட்டு மாநில அட்டை எண்ணையும் பிளான் எண்ணையும் கொடுத்து, பிளானிடமே கேட்கச் சொல்லுங்கள். மறுபடி வந்தால் பிளானில் புகார்.

மெடி-கால் இல்லாதவர்களுக்கும், விசிட்டராக வந்த பெற்றோருக்கும் உள்ள வழி மருத்துவமனை நிதி உதவி. கலிஃபோர்னியாவின் நியாய விலைச் சட்டப்படி, வறுமைக்கோட்டின் 400 சதவீதத்துக்குள் வருமானம் உள்ள இன்சூரன்ஸ் இல்லாதவருக்கு, தனியார் மருத்துவமனை உட்பட, தள்ளுபடி அல்லது இலவச சிகிச்சைக் கொள்கை இருக்க வேண்டும். கேட்டால்தான் படிவம் கொடுப்பார்கள். 2025 முதல் விண்ணப்பிக்கக் காலக்கெடு வைக்கக்கூடாது. பழைய பில்லுக்கும் போடலாம். விண்ணப்பத்துக்கு முன்பே கிரெடிட் கார்டில் கட்டிவிட்டால் அதை மருத்துவமனைக் கடனாகப் பேச முடியாது. சான் பிரான்சிஸ்கோவில் ஹெல்தி சான் பிரான்சிஸ்கோ, அலமீடாவில் ஹெல்த்பேக், சான் மட்டேயோவில் ஏஸ் என்று இன்சூரன்ஸ் கிடைக்காத கவுண்டிவாசிகளுக்குத் தனித் திட்டங்களும் உண்டு.

மறுத்தால்

சிகிச்சையை மறுக்கும்போது 'நோட்டீஸ் ஆஃப் ஆக்‌ஷன்' என்ற கடிதம் வரவேண்டும். வாய்மொழியாக 'அப்ரூவ் ஆகவில்லை' என்றால் கடிதம் கேட்டு வாங்குங்கள். காலக்கெடு எல்லாம் அந்தத் தேதியிலிருந்துதான். 60 நாளுக்குள் பிளானிடம் மேல்முறையீடு. பிளான் 30 நாளில், உயிருக்கு ஆபத்து என்றால் 72 மணியில், முடிவு சொல்ல வேண்டும். ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை நிறுத்துகிறார்கள் என்றால் 10 நாளுக்குள் முறையிடுங்கள். முடிவு வரும்வரை தொடரும். பிளானும் மறுத்தால் 120 நாளுக்குள் மாநில விசாரணை. வெளி டாக்டர்கள் பார்க்கும் சுயேச்சை மறுஆய்வு இன்னொரு வழி, இலவசம், எண் 1-888-466-2219. கால்ஆப்டிமா போன்ற ஒற்றைக் கவுண்டிப் பிளான்கள் பலவற்றுக்கு இந்த மறுஆய்வு பொருந்தாது. அங்கே மாநில விசாரணைக்கே போக வேண்டும். இரண்டு வழியும் திறந்திருந்தால் மறுஆய்வை முதலில் எடுங்கள். மாநில விசாரணை முடிந்துவிட்டால் அது கிடைக்காது.

மேல்முறையீட்டில் ஜெயிப்பது டாக்டரின் கடிதம்தான். 'இந்த நோயாளிக்கு இது தேவை' என்ற ஒரு வரிக் கடிதம் போதாது. இதுவரை எதைச் செய்து பார்த்தார்கள், ஏன் பலிக்கவில்லை, தாமதித்தால் என்ன ஆகும் என்ற மூன்றும் வேண்டும். இலவச உதவிக்கு ஹெல்த் கன்ஸ்யூமர் அலையன்ஸ், 1-888-804-3536.

தக்கவைத்துக்கொள்ள

ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு. கவுண்டியால் தானாகச் சரிபார்க்க முடியாவிட்டால் உறை வரும். பதில் போடாவிட்டால் நிற்கும். நின்ற 90 நாளுக்குள் காகிதங்களைக் கொடுத்தால் புது விண்ணப்பமின்றித் திரும்பப் பெறலாம். முகவரி மாறினால் பத்து நாளுக்குள் கவுண்டியிடம் சொல்லுங்கள். பிளானிடமும் தபால்துறையிடமும் மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடுவதும் கவரேஜ் போவதற்கு ஒரு காரணம்.

2027 ஜனவரி 1 முதல் 19 முதல் 64 வயது வரையுள்ள, குழந்தை வளர்ப்பு, நோய் போன்ற விலக்கு இல்லாதவர்கள் மாதம் 80 மணி நேர வேலை, படிப்பு அல்லது சேவையைக் காட்ட வேண்டும். அந்தப் பிரிவினருக்குப் புதுப்பிப்பும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. 13 வயது வரையுள்ள பிள்ளை வைத்திருக்கும் பெற்றோருக்கு விலக்கு உண்டு. 65ஐத் தாண்டியவர்களுக்கு இது பொருந்தாது.

ஊருக்குப் போகும் பெற்றோர் கவனிக்க: இந்தியாவிலோ இலங்கையிலோ நடக்கும் சிகிச்சைக்கு மெடி-கால் ஒரு சென்ட்கூடத் தராது. 60 நாளுக்கு மேல் மாநிலத்தில் இல்லாவிட்டால், திரும்பி வரும் எண்ணம் உண்டா என்று கவுண்டி கேட்கலாம். திரும்பும் டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். வீட்டுக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படிக்க ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள். கிளம்பும் முன் 100 நாள் மருந்தாக எழுதிக் கேட்டுப் பாருங்கள்.

கிரீன் கார்டில் தொடர்ந்து ஐந்து ஆண்டு வாழ்ந்த 65 வயதினர் மெடிகேரில் சேரலாம். இங்கே வேலை செய்யாதவருக்கு அதன் ஏ பிரிவுக்கு (மருத்துவமனைச் செலவு) மட்டும் 2026இல் மாதம் 565 டாலர் பிரீமியம். வருமானம் குறைவாக இருந்தால் அதையும் பி பிரிவின் (டாக்டர் செலவு) 202.90 டாலரையும் மெடி-கால் கட்டும். 2025 ஜனவரி முதல் கலிஃபோர்னியாவில் ஏ பிரிவுக்கான இந்த ஏற்பாட்டில் எந்த மாதத்திலும் சேரலாம். ஐந்தாம் ஆண்டு முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து, அதற்கு மூன்று மாதம் முன்பே சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் அப்பாயின்ட்மென்ட் போடுங்கள். மெடிகேர் வந்ததும் மருந்து மெடி-கால் ஆர்எக்ஸிலிருந்து மெடிகேரின் டி பிரிவுக்கு மாறும். மருந்துக்கடைக்கு அன்றைக்கு எடுத்துப்போக வேண்டியது மூன்றாவதாக ஓர் அட்டை.